ஆற்றில் போட்ட பொன்னும் அடைத்த கதவும்

‘நான் யாருக்காகச் சம்பாதிக்கிறேன்?’ என்கிறார் கணவர். ‘என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னீங்களா?’ என்கிறார் மனைவி. பல வீடுகளின் சண்டை இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடும். விருத்தாசலத்து ஆற்றங்கரையில் தொடங்கும் ஒரு பழைய கதையும் இதைத்தான் சொல்கிறது.

விருத்தாசலம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருபவை இரண்டு. ஒன்று, பழமலைநாதர் கோயில். மற்றொன்று, பீங்கான். கொலுப்படியில் உட்காரும் பொம்மை, கார்த்திகைக்கு ஏற்றும் பீங்கான் அகல், பழைய சுவிட்ச் போர்டில் இருக்கும் வெள்ளை பியூஸ் கேரியர் என்று இந்த ஊர்ச் சூளையில் வெந்து வந்த ஏதாவது ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கக்கூடும்.

இந்த ஊருக்குப் பழைய பெயர் திருமுதுகுன்றம். சைவ நாயன்மார்களில் ஒருவரான சுந்தரர் இங்கே வந்து பாடி, இறைவனிடம் 12,000 பொன் பெற்றார் என்கிறது 12-ம் நூற்றாண்டில் சேக்கிழார் எழுதிய பெரிய புராணம். அவ்வளவு பொன்னைத் தூக்கிக்கொண்டு திருவாரூர் வரை எப்படிப் போவது? சாலை வழியே நூறு கிலோமீட்டருக்கும் மேல். ‘இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிடு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்’ என்று இறைவன் சொன்னாராம். சுந்தரரும் அப்படியே போட்டார். தரம் சரிபார்க்க ஒரு துண்டு மட்டும் மச்சமாக வெட்டி எடுத்துக்கொண்டார்.

திருவாரூரில் அவர் குளத்தில் இறங்கித் தேடியபோது கரையில் நின்று சிரித்தவர் அவருடைய மனைவி பரவையார். ஆற்றில் போட்டதைக் குளத்தில் தேடுகிறாரே என்று அவருக்குச் சிரிப்பு. இன்றைக்கும் நாம் கேலியாகச் சொல்லும் சொலவடையோடு சேர்த்துச் சொல்லப்படும் கதை இது. கடைசியில் பொன் கிடைத்தது. மச்சத்தோடு உரைத்துப் பார்த்தால் மாற்றுக் குறைந்திருந்தது. மறுபடி பாடினார், மாற்று சரியானது.

கதையை இத்தோடு நிறுத்திவிட்டால் மனைவிக்காகப் பொன் கொண்டுவந்த நல்ல கணவரின் கதை. ஆனால், சேக்கிழார் இத்தோடு நிறுத்தவில்லை.

பரவையார் கதவை அடைத்தது ஏன்?

பரவையாருக்கு சுந்தரர் எதையும் குறைவாகக் கொடுத்துவிடவில்லை. திருப்புகலூரில் செங்கல் பொன்னானது அவருடைய பங்குனி உத்திரச் செலவுக்காக. குண்டையூரில் கிடைத்த நெல்மலை வந்து சேர்ந்ததும் அவர் இருந்த ஊருக்கே. அந்த நெல்லை ஊரார் அவரவர் வீட்டு வாசலில் கிடந்ததை எடுத்துக்கொள்ளட்டும் என்று சொன்னவரும் பரவையார்தான். வந்ததை என்ன செய்வது என்று அவரே முடிவெடுத்தார்.

பிறகு சுந்தரர் திருவொற்றியூர் போனார். அங்கே சங்கிலியாரைக் கண்டு மணக்க விரும்பினார். ‘உன்னைப் பிரியமாட்டேன்’ என்று கோயிலில் சத்தியம் செய்தால்தான் திருமணம் என்ற நிலை வந்தது. சுந்தரர் என்ன செய்தார் தெரியுமா? சத்தியம் செய்யும் நேரத்தில் கருவறையில் இருக்காமல் மகிழமரத்தடிக்குப் போய்விடும்படி சிவனிடமே கேட்டுக்கொண்டார். சாட்சி இல்லாத இடத்தில் செய்த சத்தியம் கட்டாது என்பது அவர் கணக்கு. சிவனோ சங்கிலியாரிடம், ‘மகிழமரத்தடியில் சத்தியம் கேள்’ என்று சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் சுந்தரர் அங்கேயே சத்தியம் செய்தார். பின்னர் திருவாரூர் நினைவு வந்து ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் பார்வை இழந்தன. காஞ்சியில் ஒரு கண்ணும் திருவாரூரில் மறு கண்ணும் திரும்பக் கிடைத்தன.

பார்வை கிடைத்தது, வீட்டுக் கதவு திறக்கவில்லை. ஒற்றியூரில் நடந்தது பரவையார் காதுக்கு முன்பே வந்துவிட்டது. 12,000 பொன் கொண்டுவந்து கொடுத்த கணவரை அவர் உள்ளே விட மறுத்தார். சமாதானம் பேச வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். கடைசியில் சிவனே நள்ளிரவில் அர்ச்சகர் வேடத்தில் தூது போனார். அவரையும் பரவையார் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது முறை தன் சொந்த உருவில் போன பிறகே அவர் இசைந்தார்.

அவர் இசைந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். அடியாருக்காக நீங்களே இரவெல்லாம் இப்படி அலையும்போது நான் இசையாமல் என்ன செய்வது என்ற பொருளில்தான் அவர் பேசுகிறார். கணவர் செய்தது சரி என்று அவர் ஓரிடத்திலும் ஒப்புக்கொள்ளவில்லை. வந்தவரின் முகத்துக்காகக் கதவைத் திறந்தார். ‘பெரியவங்க சொல்லிட்டாங்களேன்னு வந்தேன்’ என்று இன்றும் எத்தனை பெண்கள் சொல்கிறார்கள்!

இந்தக் கதையில் இன்னொரு பெண்ணும் உண்டு. திருநாவலூர்க்காரரான சுந்தரருக்கு முதலில் நிச்சயிக்கப்பட்டவர், புத்தூர் சடங்கவி சிவாச்சாரியாரின் மகள். மணப்பந்தலில் ஒரு முதியவர் வந்து, ‘இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை’ என்று ஓலையைக் காட்ட, வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போனது. கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை இறைவனைப் பாடக் கிளம்பிவிட்டார். அந்தப் பெண் வேறு யாரையும் மணக்காமல் அவரையே நினைத்து வாழ்ந்து மறைந்தார். அவருக்கு என்ன தோன்றியது என்று அந்தப் பந்தலில் யாரும் கேட்டதாகக் கதையில் இல்லை.

பக்திக்காகச் சொல்லப்பட்ட கதைதான். ஆனாலும் மூன்று பெண்களும் எதிர்பார்த்தது பொன்னைவிட எளிய ஒன்று: தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவில் தன்னையும் ஓர் ஆளாக மதிப்பது.

இரண்டு நோட்டு, இரண்டு கணக்கு

நம் வீடுகளுக்கு வருவோம். கணவனுக்கும் மனைவிக்கும் கருத்து வேறுபாடு என்றதும் ‘புரிதல் இல்லை’, ‘ஈகோ’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். பெரும்பாலும் விஷயம் அதைவிட எளிமையானது. இருவரும் திருமணம் என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு நோட்டில் கணக்கு எழுதுகிறார்கள்.

கணவரின் நோட்டில் இருப்பவை: கொண்டுவந்த சம்பளம், கட்டிய பள்ளிக் கட்டணம், அடைத்த கடன், மாமனார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது ஓடிய ஓட்டம். மனைவியின் நோட்டில் இருப்பவை: தன்னிடம் சொல்லாமல் வைத்த அடகு, தன்னைக் கேட்காமல் கொடுத்த வாக்கு, காய்ச்சலோடு சமைத்த நாட்கள், ‘உனக்கு என்ன தெரியும்?’ என்று கேட்ட வார்த்தை.

இரண்டு நோட்டிலும் இருப்பது உண்மைதான். ஆனால், ஒருவர் நோட்டை இன்னொருவர் படிப்பதே இல்லை. கணவர், ‘இவ்வளவு செய்தும் திருப்தியில்லை’ என்கிறார். மனைவி, ‘இத்தனை வருஷம் ஆகியும் நான் இந்த வீட்டுல யாரோதான்’ என்கிறார்.

என் பட்டறையா, நம்ம பட்டறையா?

பீங்கான் ஊரிலேயே ஓர் உதாரணம் பார்க்கலாம். பொம்மை செய்யும் ஒரு சிறிய குடும்பப் பட்டறையை மனதில் நினைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளைக் களியோடு பெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் அரைத்துச் சேர்த்துக் கூழாக்குகிறார்கள். அதைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். அச்சு தண்ணீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் கெட்டிப்படுகிறது. மீதிக் கூழைக் கவிழ்த்து ஊற்றிவிட்டு, பொம்மையை எடுத்துக் காயவைக்கிறார்கள். அச்சுக் கோட்டில் நிற்கும் பிசிறைச் சீவி, ஈர ஸ்பாஞ்சால் துடைக்க வேண்டும். பிறகு சூளை. பிறகு வண்ணம். கண்ணும் உதடும் எழுத நிதானமான கை வேண்டும்.

இதில் பிசிறு சீவுவது, துடைப்பது, வண்ணம் தீட்டுவது, வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவது எல்லாம் மனைவி என்று வைத்துக்கொள்வோம். களி வாங்குவது, சூளைக்குக் கொண்டுபோவது, வியாபாரியிடம் பேசுவது கணவர். கடையில் பேசும்போது அவர் சொல்வது, ‘என் பட்டறை’. வீட்டில் மனைவி சொல்வது, ‘நம்ம பட்டறை’. ஒரு சொல்தான் வித்தியாசம். அதற்குள்தான் எல்லாச் சண்டையும் இருக்கிறது.

கொலுவுக்கும் கார்த்திகைக்கும் வரும் ஆர்டர்தான் வருஷத்தின் பெரிய வருமானம். அதற்குப் பல மாதம் முன்பே மண்ணும் விறகும் அட்டைப்பெட்டியும் வாங்கப் பணம் புரட்ட வேண்டும். கணவர் ஒரு வியாபாரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு, இரண்டாயிரம் பொம்மை தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டு வருகிறார். இரவில் சாப்பிட உட்காரும்போதுதான் சொல்கிறார்.

“ஏங்க, ரெண்டாயிரம் பொம்மைக்கு யாரு கண்ணு எழுதறது? என்னைக் கேட்டீங்களா?”

“வந்த ஆர்டரை விடச் சொல்றியா? எல்லாம் வீட்டுக்குத்தானே?”

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆர்டரை விட்டால் அடுத்த வருஷம் அந்த வியாபாரி வேறு பட்டறைக்குப் போய்விடுவார். அவர் கேள்வியிலும் நியாயம் இருக்கிறது. பகலெல்லாம் பொம்மை, இரவில் சமையல் என்று இரண்டு மாதம் முதுகு ஒடியப்போவது அவருக்குத்தான். ஆர்டர் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. தன் கை செய்யப்போகும் வேலைக்குத் தன்னைக் கேட்காமல் வாக்குக் கொடுத்ததைச் சொல்கிறார். முன்பே கேட்டிருந்தால், ‘ஆயிரத்து ஐந்நூறு வாங்குங்க, மீதிக்கு உதவிக்கு ஆள் வெச்சாத்தான் முடியும்’ என்று அவரே கணக்குப் போட்டுக் கொடுத்திருப்பார்.

பட்டறைக்குப் பதிலாக மளிகைக் கடை, டீக்கடை, முந்திரித் தோப்பு, மாட்டுப் பண்ணை என்று எதை வைத்துப் பார்த்தாலும் கதை இதேதான். மகளிர் குழுக் கடனை எடுத்துக்கொள்ளுங்கள். கையெழுத்து மனைவியுடையது. பணம் கணவரின் வண்டிக்கோ பழைய கடனுக்கோ போகிறது. தவணை நாளில் குழுவின் முன்னால் நிற்கப்போவது மனைவி. தவணை தவறும்போது அவர் குழுவில் பேரை இழக்கிறார். கணவருக்கு அது ‘சமாளிச்சிக்கலாம்’ என்கிற ஒரு விஷயம்.

உயர்நீதிமன்றம் போட்ட கணக்கு

இந்த ‘என்’, ‘நம்ம’ தகராறு சென்னை உயர்நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அந்தத் தம்பதிக்கு 1965-ல் திருமணம். இரண்டு மகன்கள், ஒரு மகள். கணவர் 1983-ல் சவுதி அரேபியாவுக்கு வேலைக்குப் போய் 1994 வரை அங்கே இருந்தார். மனைவி ஊரில் இருந்து பிள்ளைகளை வளர்த்தார். அவர் அனுப்பிய பணத்தில் சொத்துகள் வாங்கப்பட்டன. திரும்பி வந்த கணவர், தன் பணத்தில் வாங்கிய சொத்தை மனைவி அபகரிக்கப் பார்க்கிறார் என்று வழக்குப் போட்டார். அவர் காலமான பிறகும் பிள்ளைகள் வழக்கைத் தொடர்ந்தார்கள்.

2023 ஜூனில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி தீர்ப்பளித்தார். மனைவி வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டதால்தான் கணவரால் கவலையில்லாமல் வெளிநாட்டில் சம்பாதிக்க முடிந்தது. கணவரின் வேலை 8 மணி நேரம், இல்லத்தரசியின் வேலை 24 மணி நேரம். வீட்டு நிர்வாகி, சமையல்காரர், வீட்டு வைத்தியர், பொருளாதார நிபுணர் என்று பல வேலைகளை அவர் ஒருவரே பார்க்கிறார் என்று நீதிபதி எடுத்துச் சொன்னார். இருவர் உழைப்பிலும் சேர்ந்த சொத்து அது என்பதால், வழக்கில் இருந்த அசையாச் சொத்துகள் சிலவற்றில் மனைவிக்குச் சமபங்கு உண்டு என்றார்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது நல்லது. இது ஒரு வழக்கின் தீர்ப்பு. கணவர் சம்பாத்தியத்தில் வாங்கும் எல்லாச் சொத்திலும் மனைவிக்குத் தானாகவே பாதி என்று நம் மாநிலத்தில் தனிச் சட்டம் ஏதும் இல்லை. ஆனாலும், வீட்டு வேலையும் சம்பாத்தியத்தில் சேர்த்திதான் என்று உயர்நீதிமன்றம் சொன்னது பெரிய மாற்றம். சவுதியிலும் சிங்கப்பூரிலும் கணவர்கள் இருக்க, ஊரில் வீட்டைத் தனியாகச் சுமக்கும் பெண்கள் கடலூர் மாவட்டக் கிராமங்களிலும் நிறைய உண்டு. இந்த வழக்கு அவர்களுக்குப் புதிதாகத் தெரியாது.

289 நிமிடம்

வீட்டு வேலை எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று மத்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் கணக்கெடுத்திருக்கிறது. 2024-ல் நடந்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் சராசரியாக ஒரு நாளைக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். அதாவது, கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம். அந்த வேலையில் ஈடுபடும் ஆண்கள் 88 நிமிடம் செலவிடுகிறார்கள். 2019 கணக்கெடுப்பில் இது பெண்களுக்கு 299, ஆண்களுக்கு 97. ஐந்து வருஷத்தில் இருவர் நேரமும் ஏறக்குறைய அதே அளவு குறைந்திருக்கிறது. நடுவில் இருக்கும் இடைவெளி அப்படியே நிற்கிறது.

2023 செப்டம்பரில் தமிழக அரசு சுமார் 1.06 கோடி பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியபோது அதற்கு ‘உரிமைத் தொகை’ என்று பெயர் வைத்தது. அந்தப் பெயருக்குக் காரணமும் இந்த 289 நிமிடம்தான்.

கணவர் பக்கமும் கேட்போம்

இதையெல்லாம் படிக்கும் கணவர்களுக்கு, ‘எல்லாப் பழியும் எங்கள் மேலேயா?’ என்று தோன்றலாம். அவர்கள் சொல்வதிலும் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

ஆண் பிள்ளைக்கு நாம் சின்ன வயதிலிருந்தே சொல்லிக்கொடுப்பது, ‘நீ பார்த்துக்க’ என்பதைத்தான். தங்கை கல்யாணம், அப்பாவின் கடன், வீட்டுக் கூரை எல்லாம் அவன் தலையில். பயத்தைச் சொன்னால், ‘ஆம்பளையா நீ?’ என்ற கேள்வி. அதனால் கடன் வாங்குகிறவர் மனைவியிடம் மறைப்பது பெரும்பாலும் ஏமாற்ற அல்ல. ‘அவளும் எதுக்குக் கவலைப்படணும்?’ என்ற நினைப்பில். வெளிநாட்டுக்குப் போனவருக்கு வெயிலில் நின்று அனுப்பும் ஒவ்வொரு ரூபாயும் அவர் எழுதும் கடிதம் மாதிரி. ‘பணம் வந்துச்சா?’ என்று கேட்பதுதான் அவருக்குத் தெரிந்த அன்பு.

மனைவிக்கோ மறைக்கப்பட்ட கடன் வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போதுதான் தெரிகிறது. கவலைப்பட வேண்டாம் என்று மறைத்தவர், கவலையை அவமானத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடுகிறார். பாரத்தைத் தனியாகச் சுமப்பதைக் கணவர் தியாகம் என்று நினைக்கிறார். மனைவிக்கு அது, ‘என்னை நம்பவில்லை’ என்று படுகிறது.

பெண்களும் யோசிக்க வேண்டிய இடம் உண்டு. ‘நான் சொல்லாமலே அவருக்குத் தெரிய வேண்டாமா?’ என்று மனதுக்குள் வைத்துக்கொண்டு பத்து வருஷம் கழித்து ஒரே நாளில் கொட்டினால், கேட்பவருக்கு அது புதிராகத்தான் இருக்கும். சம்பளம் குறைந்த மாதத்தில் அடுத்த வீட்டோடு ஒப்பிட்ட ஒரு வார்த்தை, ஆண் மனதிலும் பல வருஷம் கிடக்கும். தாய்வீட்டுக்குச் சொல்லாமல் கொடுத்த பணமும் கணவரிடம் சொல்லாமல் கொடுத்த பணம்தானே?

‘இருவருக்கும் புரியும் மொழியில்’

கல்யாணம் என்றால் என்ன என்ற கேள்வியை நம் மாநிலம் நூறு வருஷமாகவே பேசிக்கொண்டிருக்கிறது. 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்களுக்குச் சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. புரோகிதர் இல்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணங்களுக்கு 1967-ல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய திருத்தம் சட்ட அங்கீகாரம் தந்தது.

அந்தச் சட்டப் பிரிவில் ஓர் அழகான இடம் இருக்கிறது. இருவருக்கும் புரியும் ஒரு மொழியில், ஒருவரை ஒருவர் கணவனாகவும் மனைவியாகவும் ஏற்பதாக இருவருமே சொல்ல வேண்டும் என்பது, திருமணம் செல்லுபடியாவதற்கு அது காட்டும் வழிகளில் ஒன்று. உங்கள் கல்யாணம் எந்த முறையில் நடந்திருந்தாலும் சரி, கல்யாணத்துக்குப் பிறகான வாழ்க்கைக்கு இதைவிட நல்ல விதி கிடைக்காது. இருவரும் சொல்ல வேண்டும்; இருவருக்கும் புரிய வேண்டும்.

வீட்டில் செய்து பார்க்கலாமே!

கருத்து வேறுபாட்டை ஒழிக்க முடியாது. ஒழிக்கவும் வேண்டாம். அது சண்டையாகி முற்றாமல் பார்த்துக்கொள்ளச் சில எளிய வழிகள் உண்டு.

மாதத்தில் ஒரு நாளைக் கணக்கு நாளாக வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம், சீட்டு, நகைக்கடன், குழுக் கடன், கைமாற்று எல்லாம் ஒரே நோட்டில் இருவர் கையெழுத்திலும் இருக்கட்டும். டீ குடிக்கிற நேரம் போதும். அன்றைக்குப் பழைய கதை பேசக் கூடாது என்பது மட்டும் விதி.

‘சொல்லிட்டேனே’ என்பதும் ‘கேட்டேனே’ என்பதும் ஒன்றல்ல. முடிவெடுத்த பிறகு தெரிவிப்பது தகவல். முடிவெடுக்கும் முன் பேசுவதுதான் ஆலோசனை. கடன், வாக்கு, ஜாமீன் கையெழுத்து, பிள்ளைகளின் படிப்பு, வேலை மாற்றம் ஆகிய ஐந்திலும் இருவரும் பேசாமல் முடிவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பெயர்களைச் சரிபாருங்கள். வங்கிக் கணக்கு, பட்டா, இன்ஷூரன்ஸ், நாமினி ஆகியவற்றில் யார் பெயர் இருக்கிறது என்பது இருவருக்கும் தெரிய வேண்டும். புதிதாக வாங்கும் மனையை இருவர் பெயரிலும் பதிவு செய்தால் ‘என்’, ‘நம்ம’ தகராறில் பாதி அங்கேயே முடிந்துவிடும்.

ஒரு வாரம் வீட்டு வேலைகளை எழுதிப் பாருங்கள். பால் காய்ச்சுவது முதல் கேஸ் மூடுவது வரை யார் செய்கிறார்கள் என்று எழுதினாலே போதும். அந்த வாரத்தின் முடிவில் உபதேசம் தேவைப்படாது.

தூது போகிறவரைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இருவர் பேச்சையும் கேட்கிறவராக, கேட்டதை வெளியே சொல்லாதவராக இருக்க வேண்டும். ‘அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா’ என்று ஒரே வரியில் முடிப்பவர் வேண்டாம். குடும்ப வாட்ஸ்அப் குரூப் கண்டிப்பாக வேண்டாம். பரவையாரைப்போல முகத்துக்காகத் திறக்கும் கதவு, மனசுக்குள் சாத்தியே இருக்கலாம். அந்தக் கதவைத் திறக்க வேண்டியவர் தூதர் அல்ல, கணவர்தான்.

அடி விழுந்தால் அது கருத்து வேறுபாடு இல்லை

ஓர் எல்லையை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கை ஓங்குவது, பட்டினி போடுவது, வீட்டை விட்டுத் துரத்துவது, சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, வரதட்சணை கேட்டு வதைப்பது எல்லாம் ‘புருஷன் பொண்டாட்டிக்குள்ள ஆயிரம் இருக்கும்’ என்ற கணக்கில் வராது. 2005-ம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், வார்த்தையால் வதைப்பதையும் பணத்தால் நெருக்குவதையும்கூட வன்முறை என்றே சொல்கிறது. கணவர் வீட்டில் தொடர்ந்து வசிக்கும் உரிமையையும் அது பெண்ணுக்குத் தருகிறது.

உடனடி உதவிக்குப் பெண்கள் 181 என்ற எண்ணை அழைக்கலாம். வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெற உரிமை உண்டு. நீதிமன்ற வளாகங்களில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். மனம்விட்டுப் பேச நினைக்கும் கணவர்களும் இருவருமாகக் குடும்ப ஆலோசகரைப் பார்ப்பதில் கௌரவக் குறைச்சல் ஏதும் இல்லை.

சூளைக்காரருக்குத் தெரிந்தது

பீங்கான் வேலை தெரிந்தவர்களிடம் கேட்டால் ஒன்று சொல்வார்கள். உள்ளே இருக்கும் மண்ணும் மேலே பூசும் கிளேஸும் வேறு வேறு பொருள்கள். சூட்டில் இரண்டும் விரிகின்றன, ஆறும்போது சுருங்குகின்றன. சுருங்கும் அளவு பொருந்தாவிட்டால் மேற்பூச்சில் மயிரிழை விரிசல் விழும். சில சமயம் சூளையிலிருந்து எடுக்கும்போது பளபளவென்று இருக்கும்; பல மாதம் கழித்து, அலமாரியில் சும்மா இருக்கும்போது விரிசல் தெரியும்.

அதற்காக மண்ணைக் கிளேஸாகவோ கிளேஸை மண்ணாகவோ யாரும் மாற்றப் பார்ப்பதில்லை. இரண்டின் கலவையையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, சின்னத் துண்டில் சுட்டுப் பார்த்து, ஒன்றுக்கொன்று பொருந்துகிற அளவைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்குப் பிறகும் ஒவ்வொரு புது லோடு மண் வரும்போதும் மறுபடி சோதிக்கிறார்கள்.

வீட்டிலும் புது லோடு வந்துகொண்டேதான் இருக்கும். குழந்தை பிறக்கும், வேலை போகும், மாமியாருக்கு முடியாமல் போகும், மகள் கல்லூரிக்குப் போவாள். ஒவ்வொரு முறையும் மறுபடி பேச வேண்டும். இந்த மாதச் சம்பளம் வந்ததும், எதற்கு எவ்வளவு என்று எழுதுவதற்கு முன்னால், பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டுப் பாருங்கள்: “நீ என்ன நினைக்கிற?”